நீக்கப்பட்ட 1.0 வரிசை: ஓர் உயிரியல் ஆய்வறிக்கையைப் பிரித்து மறுபடி அடுக்கிய கதை

மூன்றாவது மாடிப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதினான்கு பக்க அறிக்கையோடு வந்து, "அக்கா, எல்லாம் எழுதிட்டேன், இங்கிலீஷ் மட்டும் பார்த்துக் குடுங்க" என்றாள். பத்தாவது வரை மாநிலப் பாடத்திட்டம், பிளஸ் ஒன்னுக்கு கோவையிலேயே ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலாரியட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டம் இருக்கும் ஒரு பள்ளிக்கு மாறியவள். நான் சில வருடம் தாவரவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் என்னிடம் வந்தாள். இங்கிலீஷில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் அறிக்கை நிற்கவில்லை. அதற்குப் பிறகு நான்கு சாயங்காலம் உட்கார்ந்து அதைப் பிரித்துப் போட்டு மறுபடி அடுக்கினோம். அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் இதே தடுமாற்றத்தை வேறு பிள்ளைகளின் அறிக்கையிலும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதலில் அவளிடம் கேட்கப்பட்டது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஐ.பி. உயிரியலில் மாணவர் தானே ஒரு கேள்வி எடுத்து, தானே ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும். 2025 தேர்விலிருந்து நடைமுறைக்கு வந்த வழிகாட்டியில் அதற்கு நான்கு அளவுகோல்: ஆய்வு வடிவமைப்பு, தரவுப் பகுப்பாய்வு, முடிவு, மதிப்பீடு. ஒவ்வொன்றுக்கும் 6 வீதம் மொத்தம் 24 மதிப்பெண், அது இறுதி மதிப்பெண்ணில் 20 சதவீதம். அறிக்கை 3000 சொல்லைத் தாண்டக் கூடாது. இந்த நான்கையும் பாருங்கள், 'அறிமுகம்' என்று ஒன்று தனியாக இல்லை. இவளுடைய பதினான்கு பக்கத்தில் முதல் மூன்றரைப் பக்கம் அறிமுகம்.

செய்த ஆய்வு நாம் எல்லோரும் அறிந்ததுதான். பெரிய ஊட்டிக் கிழங்கில் கார்க் போரரால் (துளை போடும் உலோகக் குழாய்) உருளை உருளையாகக் குடைந்து எடுத்து, 4 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, எடை போட்டு, வெவ்வேறு செறிவுள்ள சுக்ரோஸ் கரைசலில் 2 மணி நேரம் ஊற வைத்து, துடைத்து, திரும்ப எடை போடுவது. வெளியே கரைசல் நீர்த்திருந்தால் தண்ணீர் செல்லுக்குள் போகும், எடை கூடும். அடர்ந்திருந்தால் வெளியேறும், எடை குறையும். எந்தச் செறிவில் எடை மாறாமல் நிற்கிறதோ அந்தக் கரைசலும் கிழங்கின் செல்களும் சமநிலையில் இருக்கின்றன. பழைய ஆய்வுதான், அதில் குறையொன்றும் இல்லை. ஒரு எண்ணில் போய் முடியும் ஆய்வு என்பதே இதன் பலம்.

முதல் பிரதியைப் படித்தபோது அந்த எண் எங்கேயும் இல்லை.

தலைப்பு, 'உருளைக்கிழங்கில் சவ்வூடு பரவலை ஆராய்தல்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருந்தது. முதல் வரி, நீரின்றி உயிர் இல்லை. அப்புறம் செல் கொள்கை, செல் சவ்வின் அமைப்பு, பரவலுக்கும் சவ்வூடு பரவலுக்கும் வித்தியாசம், நான்காம் பக்கத்தில் கருதுகோள். செய்முறை, 'ஆறு சோதனைக் குழாய்களை எடுத்துக்கொள்' என்று ஏவல் வாக்கியங்களில். பிறகு அட்டவணை, பட்டை வரைபடம், "இதன் மூலம் கருதுகோள் நிரூபிக்கப்பட்டது" என்று ஒரு பத்தி, கடைசியில் "மனிதப் பிழைகள் ஏற்பட்டிருக்கலாம், இன்னும் கவனமாகச் செய்திருக்கலாம்" என்று நான்கு வரி.

இது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் எழுதிப் பழகினேன். நம்முடைய ரெக்கார்டு நோட்டு. நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, காண்பன, முடிவு. அந்த வரிசை தப்பில்லை, அது கைக்கு ஒழுங்கைக் கற்றுக்கொடுக்கிறது. ஆனால் ரெக்கார்டில் விடை முன்கூட்டியே தெரியும். கிழங்கைக் குடைந்து சர்க்கரைக் கரைசல் ஊற்றி, தண்ணீரில் வைத்து, குண்டூசியால் மட்டத்தைக் குறித்தால் மட்டம் ஏறும், ஏற வேண்டும், ஏறியது என்று எழுதிக் கையெழுத்து வாங்குவோம். அங்கே ஒத்து வராத அளவீடு என்றால் நீ சரியாகச் செய்யவில்லை என்று பொருள். ஆய்வறிக்கையில் விடை யாருக்கும் தெரியாது, இந்தக் கிழங்கைப் பற்றி அவளைத் தவிர உலகத்தில் எவரும் அளந்ததில்லை. அதனால் ஒத்து வராத அளவீடும் ஒரு செய்திதான். இந்த ஒரு வித்தியாசம் மனதில் இறங்காததால்தான் எல்லாம் வழி தவறிப் போயிருந்தது என்பது எனக்கு இரண்டாம் நாள்தான் புரிந்தது, அதுவும் ரஃப் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு.

அறிக்கையில் ஐந்து செறிவுகள் இருந்தன: லிட்டருக்கு 0, 0.2, 0.4, 0.6, 0.8 மோல். ஆனால் செய்முறையில் ஆறு குழாய். "ஆறாவது எங்கேம்மா?" என்றேன்.

"1.0 போட்டேன்கா. ஆனா அது ஒத்து வரல. அதான் எடுத்துட்டேன்."

ரஃப் நோட்டில் சராசரிகள் இப்படி இருந்தன, எடை மாற்றம் சதவீதத்தில்:

0 மோல்: +11.4
0.2 மோல்: +3.1
0.4 மோல்: −6.2
0.6 மோல்: −12.9
0.8 மோல்: −17.6
1.0 மோல்: −16.1

கடைசி வரிசை 0.8ஐ விடக் குறைவாக இழந்திருக்கிறது. அடர்த்தி கூடக் கூட எடை குறைந்துகொண்டே போகும் என்று கருதுகோளில் எழுதிவிட்டதால் அந்த வரிசை அவளைப் பயமுறுத்தியிருக்கிறது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் சின்னதாக ஒரு குறிப்பு: '1.0 – 2ஆவது கிழங்கு (ஃபிரிட்ஜ்)'. ஊட்டிக் கிழங்கில் 25 உருளைகள்தான் கிடைத்தன. மிச்சம் ஐந்துக்கு வீட்டிலிருந்து இன்னொரு கிழங்கு கொண்டு போயிருக்கிறாள், ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் இருந்தது. அவள் அம்மாவைக் கேட்டோம், பத்து நாளாவது உள்ளே இருந்திருக்கும் என்றார்.

அறிக்கையிலேயே மிகவும் மதிப்புள்ள விஷயம் இந்தப் பென்சில் குறிப்பு. குளிரில் வைத்த உருளைக்கிழங்கில் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். சிப்ஸ் போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், ஃபிரிட்ஜ் கிழங்கை வறுத்தால் சீக்கிரம் கறுத்துவிடும். செல்லுக்குள் சர்க்கரை கூடினால் அது தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், வெளியே விடுவது குறையும். அப்படியானால் 1.0இல் குறைவாக இழந்தது தவறே இல்லாமல் இருக்கலாம், வேறு கிழங்கு தன் இயல்பைக் காட்டியிருக்கலாம். 'இருக்கலாம்' என்பதை அழுத்திச் சொன்னேன், ஏனென்றால் வேறு காரணமும் உண்டு: அடர்ந்த சர்க்கரைக் கரைசல் பிசுபிசுப்பாக உருளையில் ஒட்டிக்கொள்ளும், துடைத்தாலும் போகாது, எடையைக் கூட்டிக் காட்டும். அதோடு, தண்ணீர் வெளியேறி செல்லின் உள்ளடக்கம் சுவரை விட்டுச் சுருங்கிவிட்ட நிலையில் எடை இழப்பு மட்டுப்பட்டு வளைவு தட்டையாவதும் இயல்பு. இந்த மூன்றில் எது என்று அவளுடைய தரவால் பிரித்துச் சொல்ல முடியாது. செறிவும் மாறியிருக்கிறது, கிழங்கும் மாறியிருக்கிறது, இரண்டும் ஒன்றாகவே மாறியிருக்கின்றன.

"அப்போ என் ஆய்வு வேஸ்ட்டாக்கா?" என்று கேட்டாள், முகம் வாடிவிட்டது. இல்லவே இல்லை. எடை மாறாத புள்ளி 0.2க்கும் 0.4க்கும் நடுவில் விழுகிறது, அந்த இரண்டும் ஊட்டிக் கிழங்கு. ஆக, அவளுடைய முக்கியமான விடையை அந்த இரண்டாவது கிழங்கு தொடவே இல்லை. எந்தக் குறை எந்த முடிவைப் பாதிக்கிறது, எதைப் பாதிக்கவில்லை என்று இப்படிப் பிரித்துச் சொல்வதுதான் மதிப்பீட்டுப் பகுதி. 'மனிதப் பிழை' என்ற சொல்லை அன்றைக்கே அடித்துவிட்டோம்.

அன்றிலிருந்து எழுதும் வரிசையைத் தலைகீழாக மாற்றினோம். முதலில் அட்டவணையும் வரைபடமும், பிறகு முடிவு, மதிப்பீடு, அப்புறம் செய்முறை, அதற்கும் அப்புறம்தான் பின்னணி. படிக்கிறவர் வேறு வரிசையில் படிப்பார், அது சரி. ஆனால் எழுதுகிறவர் பின்னணியில் ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது, செல் கொள்கையில் தொடங்கி பரிணாமம் வரை போகலாம். எண் கையில் இருந்தால் அந்த எண்ணைப் புரிந்துகொள்ள என்ன தெரிய வேண்டுமோ அது மட்டும் பின்னணி. மூன்றரைப் பக்கம் முக்கால் பக்கமானது.

அட்டவணையில் இரண்டு திருத்தம். எடை மாற்றத்தை கிராமில் கொடுத்திருந்தாள், சதவீதம் ரஃப் நோட்டிலேயே தங்கிவிட்டது. 0.6 கரைசலில் ஒரு உருளை 2.64 கிராமிலிருந்து 0.31 கிராம் இழந்தது, இன்னொன்று 2.08 கிராமிலிருந்து 0.28 கிராம் இழந்தது. கிராமில் பார்த்தால் முதலாவது அதிகம் இழந்தது. சதவீதத்தில் முதலாவது 11.7, இரண்டாவது 13.5, கதை மாறிவிடுகிறது. தொடக்க எடை ஒரே மாதிரி இல்லாதபோது கிராம் எதையும் ஒப்பிட உதவாது. இரண்டாவது, சராசரியோடு திட்டவிலக்கமும், அதாவது அளவீடுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதும். அது எல்லாச் செறிவிலும் ஏறக்குறைய 2 சதவீதப் புள்ளி வந்தது.

பட்டை வரைபடத்தை எடுத்துவிட்டுப் புள்ளி வரைபடம் போட்டோம். செறிவு என்பது தொடர்ச்சியான அளவு, இட்லி, தோசை, பொங்கல் மாதிரி தனித்தனி வகை இல்லை. பட்டை போட்டால் இரண்டு பட்டைகளுக்கு நடுவில் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும், நமக்கு வேண்டிய விடையோ அந்த நடுவில்தான் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும், சிதறலைக் காட்டும் பிழைப்பட்டை. 0.2க்கும் 0.4க்கும் இடையே கோடு கிடை அச்சை 0.27இல் வெட்டியது. ஐந்து உருளைகளின் சராசரிக்குத் திட்டப்பிழை, அதாவது அந்தச் சராசரியே எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பது, 0.9 சதவீதப் புள்ளி அளவில் வருகிறது, அந்த இடத்தில் கோட்டின் சாய்வை வைத்துக் கணக்கிட்டால் 0.27இல் ஏறக்குறைய 0.02 முன்பின் இருக்கும். ஆய்வக வெப்பநிலை 27 டிகிரி என்று குறித்திருந்தாள், அதாவது 300 கெல்வின். சுக்ரோஸ் அயனியாகப் பிரியாது என்பதால் செறிவை வாயு மாறிலியாலும் வெப்பநிலையாலும் பெருக்கினால் போதும்: 0.27 × 0.00831 × 300, எதிர்க்குறியோடு −0.67 மெகாபாஸ்கல். கிழங்கின் நீர் உள்ளார்ந்த திறன் அது, தண்ணீர் எந்தப் பக்கம் நகரும் என்பதைத் தீர்மானிக்கும் அளவு. இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது அவள் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்காது, பதினான்கு பக்கத்தில் இல்லாத விடை அரைப் பக்கத்தில் வந்துவிட்டது.

நீக்கிய 1.0 வரிசை திரும்ப அட்டவணைக்குள் வந்தது. வரைபடத்தில் அந்தப் புள்ளியை மட்டும் வெற்று வட்டமாகக் குறித்து, கீழே ஒரே வரி: இந்த ஐந்து உருளைகளும் குளிரில் வைத்திருந்த இரண்டாவது கிழங்கிலிருந்து எடுக்கப்பட்டவை.

மதிப்பீட்டுப் பகுதிக்குத்தான் அதிக நேரம் ஆனது, ஆகட்டும். இங்கேதான் பிள்ளைகள் பொதுவாகக் களைத்துப் போய் நான்கு வரியில் முடித்துவிடுகிறார்கள். நான் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி, "அந்த 2 சதவீதச் சிதறல் எங்கேயிருந்து வந்தது?" தராசு என்றாள். கணக்குப் போடச் சொன்னேன். தராசின் ஐயப்பாடு 0.01 கிராம், இரண்டு முறை எடை போடுவதால் மோசமான நிலையில் 0.02. சுமார் 2.3 கிராம் உருளையில் அது 0.9 சதவீதம். ஆக தராசு மட்டும் காரணமில்லை. துடைக்கும்போது என்ன செய்தாய் என்று கேட்டேன். முதல் சில உருளைகளை டிஷ்யூ பேப்பரில் உருட்டினாளாம், பிறகு நேரமாகிவிட்டதால் லேசாக ஒற்றி எடுத்தாளாம். மேலே ஒட்டியிருக்கும் ஈரம் 0.05 கிராம் இருந்தாலே 2.2 சதவீதம் வந்துவிடும். அவளே தன் விரலால் செய்த ஒன்றுக்கு எண் கிடைத்துவிட்டது. 'ஒவ்வொரு உருளையையும் புது டிஷ்யூவில் மூன்று முறை உருட்ட வேண்டும்' என்று மேம்பாடு எழுதினாள், 'இன்னும் கவனமாக' என்பதைவிட இது எவ்வளவோ மேல், நாளைக்கே ஒருவர் செய்து பார்க்கலாம்.

இரண்டாவது கிழங்குக்கு மேம்பாடு என்ன? பெரிய கிழங்காக வாங்கியிருக்கலாம் என்றாள். அதுவும் சரிதான், ஆனால் அதைவிட நல்லது ஐந்து கிழங்கு எடுத்து, ஒவ்வொரு கிழங்கிலிருந்தும் ஆறு உருளை குடைந்து, செறிவுக்கு ஒன்றாகப் பிரித்துப் போடுவது. அதே முப்பது உருளைதான், வேலையும் கூடாது. அப்போது கிழங்குக்குக் கிழங்கு உள்ள வித்தியாசம் எல்லாச் செறிவுக்கும் சமமாகப் பரவிவிடும். இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது என்பதால் இங்கே கொஞ்சம் விலகுகிறேன். 1923இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்திலிருந்து புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷரும் அவரோடு மெக்கன்சியும் வெளியிட்ட ஒரு கட்டுரையும் உருளைக்கிழங்கைப் பற்றியதுதான், வெவ்வேறு ரகங்கள் உரத்துக்கு எப்படி விளைகின்றன என்று. ஒரே வயலில் மண் இடத்துக்கு இடம் மாறும்போது, விளைச்சலில் எது உரத்தால் வந்தது, எது மண்ணால் வந்தது என்று பிரிப்பது எப்படி? வயலைத் தொகுதிகளாகப் பிரித்து ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா உரத்தையும் போடும் முறையை ஃபிஷர் அந்தப் பத்தாண்டில் வளர்த்தெடுத்தார். அவளுக்கு வந்த சிக்கலும் அதே குடும்பம்தான் என்று சொன்னதும் அந்த ஓரக் குறிப்பைப் பற்றிய வெட்கம் போய்விட்டது.

இதிலேயே இன்னொரு கசப்பான விஷயமும் இருக்கிறது. ஐந்து உருளைகள் என்பதால் ஐந்து மறுநிகழ்வு என்று எழுதியிருந்தாள். ஒரே கிழங்கிலிருந்து வந்த ஐந்து உருளை, ஒரே மனிதரிடம் ஐந்து முறை ரத்த அழுத்தம் பார்ப்பது போல, ஐந்து மனிதர்களைப் பார்த்ததாகாது. 1984இல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் இதற்கென்று ஒரு பெயரே வைத்து எழுதினார், தமிழில் போலி மறுநிகழ்வு என்று சொல்லலாம். அதனால் முடிவில் 'உருளைக்கிழங்கின் திறன்' என்று இருந்ததை 'ஆய்வு செய்த இந்தக் கிழங்கின் திறன்' என்று மாற்றினோம். சின்னத் திருத்தம், ஆனால் உண்மை அதுதான். கூடவே 'நிரூபிக்கப்பட்டது' என்பது போய், 'தரவு கருதுகோளோடு 0.8 வரை ஒத்துப்போகிறது' என்று வந்தது.

செய்முறையில் ஒரு வாக்கியம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. '34.2 கிராம் சுக்ரோஸை 100 மில்லி நீரில் கரைத்து 1.0 மோல் கரைசல் தயாரித்தேன்.' அப்படிச் செய்தால் சர்க்கரையும் இடம் பிடிப்பதால் கரைசல் 120 மில்லியைத் தாண்டிவிடும், செறிவு 0.8 பக்கம் இறங்கிவிடும், அதை நீர்க்க வைத்துச் செய்த மற்ற எல்லாக் கரைசலும் அதே விகிதத்தில் தப்பாகும், 0.27ம் போச்சு. பதறிப் போய்க் கேட்டால், அவள் செய்தது சரிதான்: குறைந்த நீரில் கரைத்து, அளவுக் குடுவையில் 100 மில்லி கோடு வரை நீர் சேர்த்திருக்கிறாள். எழுதும்போது சுருக்கிவிட்டாள். படிக்கிறவர் ஆய்வகத்தில் பக்கத்தில் நிற்கவில்லை, அவருக்குத் தெரிவது அந்த வாக்கியம் மட்டும்தான். செய்முறையில் எது தேவை, எது வேண்டாம் என்பதற்கு நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் இது: ஒரு விவரத்தை மாற்றினால் எண் மாறுமா? மாறும் என்றால் எழுது. போரரின் விட்டம், வெட்டிய நீளம், ஊறிய நேரம், வெப்பநிலை, துடைத்த விதம், கிழங்கு எங்கே இருந்தது, எல்லாம் உள்ளே. மேசையைச் சுத்தம் செய்தேன், கையுறை போட்டேன் என்பது பாதுகாப்புக் குறிப்பில் ஒரு வரி. ஏவல் வாக்கியங்களை எல்லாம் நடந்து முடிந்த வினையாக மாற்றியது தனி வேலை, அரை மணி நேரத்தில் முடிந்தது.

பின்னணியை எழுதும்போது, "ஏன் இந்த ஆய்வை எடுத்தே?" என்று கேட்டேன். அம்மா ஊறுகாய்க்கு மாங்காயில் உப்பு பிசறி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும், அது எங்கிருந்து வருகிறது என்று சின்ன வயதிலிருந்து யோசித்தாளாம். இது முதல் பிரதியில் எங்கேயும் இல்லை! நீரின்றி உயிர் இல்லை என்ற வரி இருந்த இடத்தில் இதை இரண்டே வாக்கியத்தில் வைத்தோம். இப்போதைய அளவுகோலில் ஆர்வத்துக்கென்று தனி மதிப்பெண் கிடையாது, அதனால் நீட்டவில்லை, ஆனால் கேள்வி எங்கிருந்து பிறந்தது என்று அந்த மாங்காய் சொல்லிவிடுகிறது.

ஐந்து கிழங்கை வைத்துத் திரும்பச் செய்ய நேரமில்லை, ஆய்வகம் கிடைக்கவும் இல்லை. இருந்த தரவோடுதான் கொடுத்தாள். பதினான்கு பக்கம் ஒன்பதானது, 2600 சொல்லுக்குக் கொஞ்சம் மேல்.

தலைப்பைக் கடைசி நாள் ராத்திரிதான் மாற்றினோம். கேள்வி முழுசாக அதிலேயே வரட்டும் என்றேன். அவள் நாலு முறை எழுதி அடித்துவிட்டு ஐந்தாவதாக எழுதியது, தமிழில் சொன்னால், இப்படி: '0 முதல் 1.0 மோல் வரையிலான சுக்ரோஸ் கரைசலில் 2 மணி நேரம் வைத்த உருளைக்கிழங்கு உருளைகளின் எடை எத்தனை சதவீதம் மாறுகிறது, எந்தச் செறிவில் மாறாமல் நிற்கிறது?' 0.8 வரை என்று குறுக்கிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு 1.0 என்றே விட்டுவிட்டாள்.